சிலாபத்து வீதியும் என் தொப்பியும்

இந்த வாரம் நான் எழுதும் சம்பவம் நிகழ்வதற்கு முன்பு வெள்ளவத்தையில் என் நிலை என்னவாக இருந்தது என்பதை முதலில் பதிவு செய்துவிடுகிறேன்.

வீதிகளைப் பராமரிக்கும் திணைக்களத்தில் பிரதேசப் பொறியியலாளராகக் கடமையாற்றி ஓய்வு பெற்றவன் நான். யாழ்ப்பாணத்தில் பெயர் சொல்லக்கூடிய ஒரு கல்லூரியில் கற்றவன். எங்கள் கோயிலின் திருப்பணிச் சபைக்குத் தலைவராக இருந்திருக்கிறேன். வெள்ளவத்தையில் ஓர் இரங்கல் கூட்டம் என்றால் பேச்சாளர்களில் முதல் அழைப்பு எனக்கே வரும். மறைந்தவருக்கும் எனக்கும் மனத்தாங்கல் இருந்திருந்தாலும் வரும்.

ஆட்டோக்காரர் முதல் மரக்கறிக் கடைக்காரர் வரை என்னைத் தூரத்திலேயே அடையாளம் காண்பது என் காக்கித் தொப்பியினால். அகலமான விளிம்பு கொண்ட கன்வஸ் தொப்பி. உத்தியோக காலம் முழுவதும் தார் கொதிக்கும் இடங்களில் என் தலையில் இருந்தது. நான் ஓய்வு பெற்றேன். தொப்பி ஓய்வு பெறவில்லை.

இன்னொன்றையும் சேர்க்க வேண்டும். அந்த நாள்வரை என்னை எவரும் எங்கிருந்தும் ஏற்றிக்கொண்டு வந்து வீட்டு வாசலில் இறக்கியதில்லை.

இனி அந்த நாளுக்கு வருகிறேன்.

நீர்கொழும்புக்கு வடக்கே ஒரு கரையோரக் கிராமம். முற்பகல் வெயில். முன்பின் தெரியாத ஒரு மனிதரின் பிரேதத்துக்கு முன்னால், முதல் வரிசையில், பிளாஸ்டிக் கதிரை ஒன்றில் நான் அமர்ந்திருக்கிறேன். தொப்பி மடியில் இருக்கிறது. கையில் இஞ்சி போட்ட கோப்பி. மெழுகுதிரி உருகும் மணத்தோடு, அயல் வளவில் காயும் கருவாட்டின் மணமும் வருகிறது. எங்கள் இரண்டு சைக்கிள்களும் வாசலில் பூவரசு மரத்தோடு சாய்ந்து நிற்கின்றன.

பக்கத்தில் என் நண்பர் மரியதாஸ். கொட்டாஞ்சேனைக்காரர், கத்தோலிக்கர். கண்களை மூடிச் செபமாலைக்குப் பதில் சொல்லிக்கொண்டிருந்தவர், இடையில் என் பக்கம் சாய்ந்தார்.

“ஐசே, இந்த ஆள் யார்?”

“எனக்கெப்படித் தெரியும்? உம்முடைய வேதக்காரர்தானே.”

“இலங்கையில இருக்கிற வேதக்காரர் எல்லாரும் என்ட வீட்டுக்கா வாராங்க? நீர் இறங்கும் எண்டு சொன்னீர். இறங்கினன். இப்ப முன்வரிசையில இருக்கிறன்.”

அவர் சொன்னது சரி. இறங்கச் சொன்னது நான்தான்.

கேட்கப்படாத கேள்வி

பெற்றோலுக்காக நாடே வரிசையில் நின்ற காலத்தில் வெள்ளவத்தையில் பலர் சைக்கிள் வாங்கினார்கள். பெற்றோல் திரும்பி வந்ததும் அந்தச் சைக்கிள்கள் பல்கனிகளுக்குப் போயின. அவற்றின் மேல் ஈரத் துவாய்கள் காய்ந்தன. நான் என்னுடையதை விடவில்லை.

நான் வசிப்பது ஒரு மாடிக் குடியிருப்பின் நான்காம் மாடியில். அதன் நிர்வாகக் குழுச் செயலாளர், வயதில் எனக்கு இளையவர், ஒருநாள் லிப்டுக்குள் ஓர் அறிவித்தலை ஒட்டினார். சைக்கிள்களை லிப்டில் ஏற்றக் கூடாது. அந்தக் கட்டடத்தில் லிப்டில் சைக்கிள் ஏற்றியவன் நான் ஒருவன்தான் என்பதால், என் பெயரை எழுதாமலே அவர் என் பெயரை எழுதிவிட்டார். மறுநாள் முதல் சைக்கிளைத் தோளில் வைத்துப் படிகளால் ஏற்றினேன். இன்றும் ஏற்றுகிறேன். அவர் வாசற்படியில் நின்றால் சற்று நின்று, வணக்கம் சொல்லிவிட்டு ஏற்றுகிறேன்.

உடல்நலத்துக்காகச் சைக்கிள் ஓடுகிறேன் என்று வைத்தியர்கள் நினைக்கிறார்கள். அதுவல்ல காரணம்.

வீதிகளில் வேலை செய்தவன் நான். யுத்த காலத்தில் அதே வீதிகளில் சந்திக்குச் சந்தி என்னை மறித்தார்கள். அடையாள அட்டையில் பெயரைப் பார்ப்பார்கள். பிறந்த இடத்தைப் பார்ப்பார்கள். பிறகு கேட்பார்கள்: எங்கே போகிறாய்?

நீர்கொழும்பு வீதியில் ஒரு சோதனைச் சாவடி இருந்தது. அங்கே ஒருமுறை எங்களை பஸ்ஸில் இருந்து இறக்கினார்கள். அந்தச் சாவடி ஒரு மதகின் மேல் நின்றது. அந்த மதகின் வரைபடத்தில் இருப்பது என் கையொப்பம். அதன்மேல் நின்றுகொண்டு, மீசை முளைக்காத ஒரு சிப்பாய் அந்தக் கேள்வியை என்னிடம் கேட்டான். நான் பதில் சொல்லவில்லை. அவன் மீண்டும் கேட்டான். அப்போதும் சொல்லவில்லை. என் கையைப் பிடித்துக்கொண்டு நின்ற என் மகள் சுகந்தி, பாலர் வகுப்பு முடித்த வயது, தனக்குத் தெரிந்த சிங்களத்தில் “மாமா வீட்டுக்கு” என்று எனக்குப் பதிலாகச் சொன்னாள். அவன் சிரித்து எங்களை விட்டான்.

இன்று அந்தச் சாவடிகள் இல்லை. ஆனால் கேள்வி இருக்கிறது. படியில் செயலாளர் கேட்கிறார். மருந்துக் கடையில் கேட்கிறார்கள். மகள் தொலைபேசியில் கேட்கிறாள். இவர்கள் அக்கறையினால் கேட்கிறார்கள் என்பது எனக்குத் தெரியும். ஆனாலும் கேள்வி அதேதான்.

அதனால் கேட்பதற்கு ஆளில்லாத வீதிகளைத் தேர்ந்தெடுத்தேன்.

அவற்றைக் கண்டுபிடிப்பது எனக்குச் சிரமமாக இருக்கவில்லை. லொறிகளும் தூர பஸ்களும் அதிவேக வீதிக்கும் பிரதான வீதிக்கும் போய்விட்டன. மட்டக்குளிப் பாலத்தைக் கடந்தால், கடலுக்கும் கால்வாய்க்கும் நடுவே ஒரு பழைய சிறு வீதி வடக்கே ஓடுகிறது. விடியும்போது கால்வாயின்மேல் பனிப்புகார் படிந்திருக்கும். கட்டியிருக்கும் தோணிகளின் மூக்கு மட்டும் அதற்கு வெளியே தெரியும். இடப்பக்கம் கடல் கண்ணுக்குத் தெரியாமல் இரைந்துகொண்டிருக்கும். பேக்கரிப் பாண் விற்கும் முச்சக்கர வண்டி ஒன்று தன் ஒரே பாட்டை ஒலித்துக்கொண்டு எதிரே வரும். அதைத் தவிரச் சக்கரமுள்ளவை நாங்கள் மட்டும்தான்.

நீர்கொழும்பைக் கடந்த பிறகும் கரையை ஒட்டியே போகலாம். மாரவிலைக்கு அப்பால் உள்ளே திரும்பினால் தென்னந்தோட்டங்கள். தரை மெல்ல எழுந்து மெல்லத் தாழும். காரில் போகிறவருக்கு அது சமதரை. பொறியியலாளனின் கண்ணுக்கு அது ஏற்றம். மரியதாஸின் முழங்காலுக்கும் அது ஏற்றம்.

மகளின் ஒப்பந்தம்

ஞாயிற்றுக்கிழமைகளில் நீர்கொழும்பு வரை போய் வந்துகொண்டிருந்த நாங்கள், சிலாபம் போய் முன்னேஸ்வரம் சிவன் கோயிலில் மாலைப் பூசை காண்பதென்று முடிவு செய்தோம். இரவு மடத்தில் தங்கி மறுநாள் திரும்புவது. இதை நான் கோயில் சபைக் கூட்டத்தில் அறிவித்தும் விட்டேன்.

செய்தி என் மகளின் வீட்டுக்கு என்னைவிட வேகமாகப் போய்ச் சேர்ந்தது. அவள் பம்பலப்பிட்டியில் இருக்கிறாள். கணவன் ரமணன் நல்ல பிள்ளை, அதிகம் பேசமாட்டார். இருவரும் அன்று மாலையே வந்தார்கள்.

“முன்னேஸ்வரத்துக்கோ? சைக்கிளிலயோ?”

“ஓம்.”

“அப்பா, ரெயில் ஓடுது. பஸ் ஓடுது. எங்கட வான் சும்மா நிக்குது.”

“நிக்கட்டும்.”

அவள் ஒரு கதிரையை என் முன்னால் இழுத்துப் போட்டு அமர்ந்தாள். பிடிவாதத்தில் அவள் என் பிள்ளை.

“சரி. போங்கோ. ஆனால் ஒரு ஒப்பந்தம். ஒருக்காலாவது உங்களை வானில ஏத்திக்கொண்டு வரவேண்டி வந்தால், அண்டைக்கே சைக்கிளை வித்துப்போடுவன். பிறகு நியாயம் கதைக்கக் கூடாது.”

“நான் எப்ப நியாயம் கதைச்சனான்?”

ரமணன் தன் சிரிப்பை இருமலாக மாற்றினார்.

நான் சம்மதித்தேன். வாக்குக் கொடுத்தால் கொடுத்ததுதான். சைக்கிள் போனால் எனக்கு மிஞ்சுவது நான்காம் மாடியும், லிப்டும், படியில் நிற்கும் செயலாளரும் மட்டும் என்பது எனக்குத் தெரியும். தெரிந்தே சம்மதித்தேன்.

போகும்போது அவள் ஒரு தலைக்கவசத்தை மேசையில் வைத்துவிட்டுப் போனாள். வத்தகைப்பழத்தைப் பாதியாக வெட்டிக் கோதைக் கவிழ்த்தது போன்ற ஒரு பொருள். அதை நான் தொடவில்லை. என்னிடம் தொப்பி இருந்தது.

வெள்ளை உடுப்பு

மரியதாஸ் ஒரு கப்பல் முகவர் நிறுவனத்தின் அலுவலகத்தில் இருந்து ஓய்வு பெற்றவர். மகன் குடும்பத்தோடு கொட்டாஞ்சேனையில் இருக்கிறார். எதையும் பகிடியாக்குவார். அவருடைய சைக்கிள் மணி, தேவாலய மணிக்கு அடுத்தபடியாக அந்தப் பகுதியில் அதிகம் கேட்கும் ஒலி.

எங்கள் ஓட்டங்களில் நான் ஒரு விதி வைத்திருந்தேன். முழுக்கை வெள்ளைச் சட்டை, வெள்ளை நீளக் காற்சட்டை, கணுக்காலில் கிளிப். விடியற்காலையில் வாகனக்காரர் கண்ணுக்குப் படும். வெயிலை ஏற்காது. வழியில் ஒரு கோயிலோ ஒரு பெரிய மனிதரின் வீடோ வந்தால் மரியாதையாக உள்ளே போகலாம். இப்போது இளைஞர்கள் உடம்போடு ஒட்டிய பல வர்ண உடைகளில் ஓடுகிறார்கள். அவர்களைப் பற்றி எனக்கு அபிப்பிராயம் உண்டு, இங்கே எழுதவில்லை.

“சர்ச்சில புதுநன்மை எடுக்கப்போற பொடியன் மாதிரி இருக்கு ஐசே,” என்றார் மரியதாஸ், அன்று காலை கொட்டாஞ்சேனைச் சந்தியில் என்னைக் கண்டதும். அவரும் அதே உடையில்தான் நின்றார்.

இன்னொரு விதியும் உண்டு. அது நான் வைத்ததல்ல. சாவு வீட்டு வாசலைச் சைக்கிளில் இருந்தபடி கடப்பதில்லை. இறங்கி, தலையில் இருப்பதைக் கழற்றி, நடந்து கடக்க வேண்டும். என் தகப்பனார் செய்தார், நானும் செய்கிறேன்.

அந்தக் கிராமத்துக்குள் நுழையும்போதே வீதியின் இரு பக்கமும் வெள்ளைக் கொடிகள் தொங்கின. வாசல் தெரிந்ததும் இறங்கும் என்றேன். இறங்கினோம். தொப்பியைக் கழற்றி நெஞ்சோடு வைத்துக்கொண்டேன்.

இரண்டு வயோதிபர்கள், தலை முதல் கால் வரை வெள்ளை உடையில், தொப்பி நெஞ்சோடு இருக்க, சாவு வீட்டை நோக்கி மெதுவாக நடந்து வருகிறார்கள். பார்ப்பவர் என்ன நினைப்பார்?

ஓர் இளைஞர் ஓடி வந்து சைக்கிள்களை வாங்கிக்கொண்டார். கொழும்பில் இருந்தா வருகிறீர்கள் என்று சிங்களத்தில் கேட்டார். ஆம் என்றேன். அது உண்மை. உடனே அவர் உள்ளே திரும்பி எல்லோருக்கும் கேட்க அறிவித்தார். மறைந்தவர் நீண்ட காலம் கொழும்புத் துறைமுகத்தில் வேலை செய்தவராம். அங்கிருந்து பெரியவர்கள் வருவார்கள் என்று காலையில் இருந்து காத்திருந்தார்களாம். கூட்டம் விலகி வழிவிட்டது. நாங்கள் முன்வரிசைக்குக் கொண்டுபோகப்பட்டோம்.

மறைந்தவரின் மனைவி எழுந்து வந்தார். ஒடுங்கிய உடம்பு. நான் தமிழன் என்பதை நெற்றித் திருநீற்றில் இருந்து அறிந்திருக்க வேண்டும். அந்தக் கரையோரத்துத் தமிழில் பேசினார்.

“துறைமுகத்துல எத்தனை பேருக்குச் சொல்லிவிட்டோம், ஐயா. ஒருத்தரும் வரல்ல. நீங்க இவ்வளவு தூரம் சைக்கிள்ல வந்திருக்கீங்க.”

என் இரண்டு கைகளையும் பிடித்துக்கொண்டார்.

அழைப்பிதழில் ஒரு பட்டம் பிழையாக அச்சிடப்பட்டாலே திருப்பி அனுப்புகிறவன் நான். வாயைத் திறந்தேன். அவருக்குப் பின்னால் நின்ற அவருடைய பெண்பிள்ளைகளின் முகங்களைப் பார்த்தேன். மூடிக்கொண்டேன்.

ஒன்றை நான் அப்போதே அறிவேன். சாவு வீட்டில் இருந்தவன் அன்று கோயிலுக்குள் போகக் கூடாது. மாலைப் பூசையில் நிற்பேன் என்று சபை முழுவதற்கும் சொல்லிவிட்டு வந்திருந்தேன். அந்தக் கதிரையில் அமர்ந்தால் அது இல்லை.

அமர்ந்தேன். இடத்துக்கு மரியாதையாகக் கைத்தொலைபேசியை நிறுத்தினேன்.

அந்த ஊரின் பெயரை நான் எழுதப்போவதில்லை. அந்த வீட்டார் துறைமுகத்தில் இருந்து இருவர் வந்ததாகவே இன்றும் நம்பட்டும்.

இரங்கல் உரை

பிரேதத்தை எடுப்பதற்குச் சற்று முன்பு, சாவு வீடுகளுக்கு உதவும் ஊர் மரணாதாரச் சங்கத்தின் தலைவர் ஒலிவாங்கியைப் பிடித்தார். கொழும்பில் இருந்து வந்த பெரியவர் இரண்டு வார்த்தை பேசுவார் என்றார். அவர் பார்த்தது என்னை.

நான் மரியதாஸைப் பார்த்தேன்.

“எழும்பும்,” என்றார் அவர், உதடு அசையாமல். “ஆளைத் தெரியாமப் பேசுறது கஷ்டமா? தெரிஞ்சவங்களைப் பற்றி நீர் வெள்ளவத்தையில பேசினதை விடவா?”

எழுந்தேன். தொப்பியைக் கதிரையில் வைத்தேன்.

அந்த உரையைப் பற்றிப் பிற்பாடு பலவாறு கதைத்தார்கள். ஆகவே சொன்னதைச் சொன்னபடி தருகிறேன். சிங்களத்தில் பேசினேன்.

இன்று காலை கொழும்பில் இருந்து இந்த வீதியால் வந்தேன் என்றேன். வீதிகளில் வேலை செய்து வயதானவன் நான் என்றேன். நாங்கள் வந்தபோது இந்த வாசலில் ஒரு மணல் லொறி எஞ்சினை நிறுத்தி, ஆட்கள் கடக்கும்வரை காத்து நின்றது; ஒருவரும் அதற்குக் கை காட்டவில்லை. ஒரு வாகனத்தை மறிப்பதற்குத் தடியும் அதிகாரமும் போதும் என்பதை நான் என் வாழ்க்கையில் கண்டிருக்கிறேன். மறிக்காமலே அது நிற்பதை இன்று கண்டேன் என்றேன்.

சுவரோடு ஒரு பழைய சைக்கிள் நின்றது. கைபிடியில் வெள்ளைத் துணி கட்டியிருந்தார்கள். அது அவருடையது என்று முன்னமே காட்டியிருந்தார்கள். அதைச் சுட்டிக்காட்டினேன். கடற்காற்றில் நின்றும் அந்தச் சங்கிலியில் துருவில்லை, ஆசனத் தோல் வெடிக்கவில்லை. இதை வைத்திருந்தவர் எப்படிப்பட்டவர் என்று எனக்கு வேறெவரும் சொல்லத் தேவையில்லை என்றேன்.

அவ்வளவுதான். அதில் பொய்யான வசனம் ஒன்றுகூட இல்லை. அவரை அறிவேன் என்று நான் எந்த இடத்திலும் சொல்லவில்லை.

அந்த அம்மா சைக்கிளைப் பார்த்துத் தலையை ஆட்டிக்கொண்டே இருந்தார்.

பிறகு தேவாலயம் வரை நடந்தோம். கடுமையான வெயில். ஊர்வலத்தில் தொப்பி போடுவது முறையல்ல என்பதால் ஒரு பெண்பிள்ளை தந்த ஈரத் துவாயைத் தலையில் போட்டுக்கொண்டேன். வழியில் ஓரிடத்தில் பாதிரியாருக்காக நின்றபோது எனக்கு ஒரு கதிரை கொண்டுவந்து போட்டார்கள். மறுப்பது அழகல்ல, இருந்தேன்.

யாரோ ஒருவர் தன் தொலைபேசியில் அதைப் படம் பிடித்தார்.

தோட்டத்து மதகு

பின்னேரம் ஆகிவிட்டது. மாரவிலையைக் கடந்து தென்னந்தோட்டங்களுக்குள் புகுந்திருந்தோம். நிழல் நீண்டு வீதிக்குக் குறுக்கே வரிவரியாகக் கிடந்தது. மட்டையொன்று விழும் சத்தம் எங்கோ கேட்கும். பிறகு சங்கிலிகளின் சத்தம் மட்டும். ஒரு சிறு ஏற்றத்தின் உச்சியில் மரியதாஸ் இறங்கி ஒரு மதகின் கட்டுச் சுவரில் அமர்ந்தார்.

“என்ட முழங்கால் சிலாபம் வேணாமாம்.”

“நீர் என்ன சொன்னீர்?”

“கொஞ்சம் பொறு எண்டு சொன்னன். அது உம்மளைப் பற்றி ஒரு கெட்ட வார்த்தை சொல்லிச்சு.”

பின்னால் ஒரு வாகனம் வேகமாக வந்து நின்றது. கதவு நிற்பதற்கு முன்பே திறந்தது. சுகந்தி இறங்கி ஓடி வந்தாள். ரமணன் பின்னால் வந்தார்.

நடந்தது இதுதான். அந்தப் படம் எவரெவர் கையாலோ எங்கள் குடியிருப்பு வரை போயிருக்கிறது. செயலாளரின் மனைவி அதைக் கண்டு மகளுக்குத் தொலைபேசி எடுத்திருக்கிறார். அப்பாவைச் செத்த வீட்டு வீதியில் ஒரு கதிரையில் இருத்தி, தலையில் ஈரத் துவாய் போட்டிருக்கிறார்கள், ஆள் சரியில்லை போல என்றாராம். மகள் எனக்கு எடுத்திருக்கிறாள். நிறுத்திய தொலைபேசியை நான் திரும்ப இயக்க மறந்திருந்தேன். வெள்ளை உடையில் சைக்கிளில் போன இரண்டு வயோதிபர்களை வழியெல்லாம் விசாரித்தே அவர்கள் வந்து சேர்ந்திருக்கிறார்கள்.

அவள் என் கையைத் தொட்டுப் பார்த்தாள். நெற்றியைத் தொட்டுப் பார்த்தாள். பிறகுதான் கோபம் வந்தது.

“ஏறுங்கோ அப்பா.”

“என்னத்துக்கு?”

“முகத்தைப் பாருங்கோ. சிவந்துபோய்க் கிடக்கு.”

“வெயிலில நிண்டால் சிவக்கும்தான்.”

“நான் என்ன நினைச்சுக்கொண்டு வந்தனான் எண்டு உங்களுக்குத் தெரியுமோ? நீர்கொழும்பில ஒரு ஆஸ்பத்திரி விடாமல் கேட்டுக்கொண்டு வாறன்.”

மரியதாஸ் இடையில் புகுந்தார்.

“மகள், வானுக்குள்ள ஏசி இருக்கா?”

“இருக்கு அங்கிள். நீங்களாவது ஏறுங்கோ.”

“ஏறலாம். ஆனா நான் ஏறினா உங்கட அப்பா தனியப் போவார். பிறகு கொழும்பு முழுக்க அவர் ஓடினார், மரியதாஸ் ஏறினான் எண்டு கதை வரும். சாகும்வரைக்கும் சொல்லிக் காட்டுவார் இந்த மனுசன்.”

ரமணன் வாகனத்தில் இருந்து சாப்பாட்டுக் கரியரைக் கொண்டுவந்தார். இடியப்பம், சொதி, சம்பல். ஆஸ்பத்திரிக்கு என்று கொண்டுவந்தது. மதகின் கட்டுச் சுவரில் அமர்ந்து நானும் மரியதாஸும் சாப்பிட்டோம். சுகந்தி சாப்பிடவில்லை, என் சைக்கிளின் பக்கத்தில் நின்றாள். அதன் கைபிடியில் அவளுடைய கை இருந்தது.

“ஒப்பந்தம் ஞாபகம் இருக்கோ?” என்றாள்.

“இருக்கு. ஏத்திக்கொண்டு போனால் எண்டது ஒப்பந்தம். நான் இன்னும் ஏறேல்லை. கூப்பிடவும் இல்லை.”

“இதைத்தான் நியாயம் கதைக்கிறது எண்டு சொல்லுறது.”

கை கழுவி எழுந்தேன். அவள் கைபிடியை விடவில்லை.

“சரி, சொல்லுங்கோ. செத்த வீட்டில இருந்திட்டு வாறியள். இண்டைக்குக் கோயிலுக்குள்ள போகேலாது. பூசையும் இல்லை. இனி இந்த இருட்டப்போற நேரத்தில எங்க போறியள்?”

நியாயமான கேள்வி. பதில் சொல்லியிருக்கலாம். மடத்தில் குளித்து, இரவு தங்கி, காலையில் கோயிலுக்குப் போவேன் என்று ஒரு வசனத்தில் முடித்திருக்கலாம். நான் அவளைப் பார்த்துக்கொண்டு நின்றேன். வாய் திறக்கவில்லை.

“மாமா, சொல்லுங்கோவன்,” என்றார் ரமணன், மெதுவாக. “எங்க போறியள் எண்டு தெரிஞ்சால் இவ நிம்மதியா இருப்பா.”

நான் அவருக்கும் சொல்லவில்லை.

சுகந்தி என் முகத்தைப் பார்த்தாள். பிறகு கீழே, நாங்கள் நின்ற மதகைப் பார்த்தாள். பிறகு மீண்டும் என்னை. அவளுடைய முகத்தில் இருந்த கோபம் எப்போது போனது என்று எனக்குத் தெரியவில்லை.

“விடுங்கோ ரமணன்,” என்றாள். “அப்பா அந்தக் கேள்விக்குப் பதில் சொல்லுறேல்லை.”

கைபிடியில் இருந்து கையை எடுத்தாள்.

ஒரு கைமாற்று

ஆனால் அவள் என் பிள்ளை. எதையும் சும்மா விட்டுக்கொடுப்பவள் அல்ல. வாகனத்துக்குப் போய், நான் வீட்டு மேசையில் விட்டு வந்த தலைக்கவசத்தோடு திரும்பினாள். வரும் வழியில் என் வீட்டுக்குப் போய் எடுத்து வந்திருக்கிறாள்.

“இதைப் போடுங்கோ. தொப்பியைத் தாங்கோ.”

“இரண்டும் இருக்கட்டும்.”

“இருந்தால் தொப்பியைத்தான் போடுவியள். தாங்கோ.”

தொப்பியைக் கழற்றிக் கொடுத்தேன். அவளே கவசத்தை என் தலையில் வைத்து, நாடிக்குக் கீழே வாரைப் பூட்டினாள். வாரை இருமுறை இழுத்துப் பார்த்தாள்.

மரியதாஸ் என்னைச் சுற்றி ஒருமுறை நடந்து பார்த்தார். “இப்ப சரி. முந்தி இஞ்சினியர். இப்ப வத்தகைப்பழம்.”

அவள் தொப்பியைக் கொண்டுபோய்ப் பின் இருக்கையில் சாய்மணையின் மேல், கண்ணாடியோரம் வைத்தாள். நசுங்கிவிடக் கூடாது என்று உயரத்தில் வைத்தாள். வாகனம் கொழும்புப் பக்கம் திரும்பியது. வளைவில் மறையும்வரை பின்கண்ணாடியில் தொப்பி தெரிந்தது.

நாங்கள் வடக்கே ஓடினோம். கவசத்தின் வார் நாடியை அரித்தது. சிலாபத்தில் தெருவிளக்குகள் எரிந்தபோது சேர்ந்தோம். மரியதாஸ் அங்குள்ள தேவாலயத்துக்குப் போனார். நான் மடத்துக் கிணற்றில் தலை முழுகினேன். பிறகு வீதியில், கோயிலுக்கு வெளியே நின்று மாலைப் பூசையின் மணியைக் கேட்டேன். காலையில் உள்ளே போனேன். மகளின் பெயருக்கும் நட்சத்திரத்துக்கும் அர்ச்சனை செய்தேன்.

அதே வீதிகளால் திரும்பினோம். போகும்போது இறங்கிய அந்த வாசலில் மீண்டும் இறங்கி நடந்தோம். கொடிகள் இன்னும் தொங்கின. முற்றத்தில் ஒருவரும் இல்லை. சுவரோடு அந்தச் சைக்கிள் நின்றது.

நான் வெள்ளவத்தையை அடைந்தபோது மழை கொட்டியது. குடியிருப்பு வாசலில் பார்ப்பதற்கு ஆளில்லை. சைக்கிளைத் தோளில் வைத்துப் படிகளால் ஏறினேன். அன்று அதை எவரும் காணாதது எனக்கு நேர்ந்த துரதிர்ஷ்டம்.

சொல்லப்பட்டவையும் நடந்தவையும்

அடுத்த சபைக் கூட்டத்தில் எனக்கு முதன்முறையாகக் கைப்பிடியுள்ள கதிரை போடப்பட்டது. “வயசுதானே ஐயா, வெக்கப்பட ஒண்டுமில்லை,” என்றார் ஒருவர், என் தோளில் கை வைத்து. அந்தக் கையை நான் எடுத்து அவருடைய மடியில் வைத்தேன்.

பிறகு விசாரித்தேன். நான் சிலாபத்தை அடைந்த அன்று மாலை மகளின் வாகனம் எங்கள் குடியிருப்பு முன்னால் நின்றிருக்கிறது. அவள் என் வீட்டு யன்னல்களைப் பூட்டுவதற்காக மேலே போயிருக்கிறாள். செயலாளர் வாசலில் நின்றிருக்கிறார். இருட்டிய நேரம். பின் இருக்கையில், கண்ணாடிக்கு அந்தப் பக்கம், வெள்ளவத்தை முழுவதற்கும் தெரிந்த ஒன்றை அவர் கண்டிருக்கிறார். இறங்க முடியாமல் ஐயா வானுக்குள்ளேயே கிடந்தார், என் கண்ணால் கண்டேன் என்று அவர் இன்றுவரை சொல்லி வருகிறார். இந்தத் தொடரை வாசிக்கும் சிலரும் அதை நம்பி, என் மகளிடம் நலம் விசாரித்திருக்கிறார்கள்.

ஆகவே எழுத்தில் தருகிறேன்.

நான் மயங்கி விழவில்லை. எந்த ஆஸ்பத்திரிக்கும் போகவில்லை. சைக்கிள் விற்கப்படவில்லை, நான்காம் மாடியில் நிற்கிறது. அந்த வாகனத்தில் திரும்பியவர்கள் என் மகளும் மருமகனும். செயலாளர் கண்டது என் தொப்பியை. அதன் கீழே நான் இருக்கவில்லை.